டாக்டர் வித்யாசாகர்: குடும்பத்தை நம்பிய மருத்துவர்

மருத்துவம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று மருந்து, மற்றொன்று அதைக் கொடுக்கும் மருத்துவர். வள்ளுவப் பெருந்தகையோ மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, நோயாளியின் பக்கத்திலிருந்து பேணுபவன் என்பன அந்த நான்கு. இவற்றுள் நான்காமவனை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். மருத்துவமனைத் திண்ணையில் தூக்குவாளியோடு காத்திருக்கும் தாயும், மருந்துச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கதவாக எட்டிப் பார்க்கும் தமையனும் மருத்துவத்தில் நாலில் ஒரு பங்கு உடையவர்கள் என்று யார் எண்ணுகிறார்கள்?

உடல் நோயிலாவது அவர்களை மறக்கிறோம், அவ்வளவுதான். மன நோயிலோ அவர்கள்மேல் பழியும் போடுகிறோம். வளர்த்த குறை என்கிறோம். வீட்டுச் சண்டையின் விளைவு என்கிறோம். முன்னோர் செய்த பாவம் என்கிறோம். பழிக்கு அஞ்சிய குடும்பம் நோயை மறைக்கிறது. மறைத்த நோய் முற்றுகிறது. முற்றியபின் எங்கேனும் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறார்கள்.

இந்தச் சுழலை உடைக்க வழி உண்டு என்று நம் நாட்டிலேயே ஒருவர் செய்து காட்டினார். அவர் பெயர் டாக்டர் வித்யாசாகர். வங்கத்தில் கைம்பெண் மறுமணத்துக்குப் போராடிய ஈசுவர சந்திர வித்யாசாகரரை நாம் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். இவர் அவரல்லர். இவர் பஞ்சாபில் அமிருதசரசு மனநோய் மருத்துவமனையின் தலைவராக இருந்த மருத்துவர். மனநோய் மருத்துவ உலகில் புகழ் பெற்ற பெயர். நம் தமிழ் ஏடுகளில் அதிகம் பேசப்படாத பெயர்.

வேதியியல் முதுகலை மாணவியாகிய எனக்கும் மனநோய் மருத்துவருக்கும் என்ன தொடர்பு என்று தோழர்கள் கேட்கலாம். சர்ப்பகந்திச் செடியின் வேரைப் பற்றிப் படிக்கப் புகுந்தேன். அந்த வேர் மனக்கொதிப்பைத் தணிக்கும் என்று கணநாத் சென், கார்த்திக் சந்திர போசு என்னும் இரு இந்திய மருத்துவர்கள் 1931-இல் எழுதினார்கள். 1952-இல் சுவிட்சர்லாந்தில் அதிலிருந்து ரிசர்பின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டில் பிரான்சு நாட்டில் குளோர்புரோமசின் என்னும் மருந்து மனநோய்க்குப் பயன்படலாயிற்று. மூலக்கூறுகளின் கதை இது. இதைப் படித்துக்கொண்டே போனபோதுதான், அதே ஆண்டுகளில் மருந்தோடு கூடாரத்தையும் நம்பிய ஒரு மருத்துவரின் கதை குறுக்கிட்டது. அன்றிலிருந்து என் மனம் மூலக்கூற்றைவிடக் கூடாரத்தையே சுற்றிச் சுற்றி வருகிறது. அதற்குக் காரணம் நான் பிறந்து வளர்ந்த மலை. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

அன்றைய நிலை

அமிருதசரசின் கதையை அறிய, அக்காலத்து மனநோய் மருத்துவமனைகள் எப்படி இருந்தன என்று முதலில் அறிய வேண்டும்.

வெள்ளையர் ஆட்சியில் 1912-இல் இயற்றிய பித்தர் சட்டமே விடுதலைக்குப் பிறகும் நடைமுறையில் இருந்தது. பெரும்பாலான நோயாளிகளை மாஜிஸ்திரேட்டின் ஆணை பெற்றே உள்ளே சேர்த்தார்கள். வாயிலில் பூட்டும், சுற்றிலும் உயர்ந்த மதிலும் இருந்தன. 1946-இல் போர் குழு நாட்டின் நலவாழ்வு நிலையை ஆராய்ந்தபோது, இந்தியா முழுமைக்கும் மனநோயாளிகளுக்கென இருந்த படுக்கைகள் ஏறத்தாழப் பதினாயிரமே. கோடிக்கணக்கான மக்களுக்குப் பதினாயிரம் படுக்கை! உள்ளே சேர்ந்தவர் வெளியே வருவது அரிது. வீட்டார் அவரைத் தலைமுழுகிவிடுவார்கள். சிலர் முகவரியைக்கூட மாற்றி எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.

இத்துயரத்தோடு பஞ்சாபில் வேறொன்றும் சேர்ந்தது. 1947-இல் நாடு இரண்டாகப் பிளந்தது. பஞ்சாபின் பழைய மனநோய் மருத்துவமனை லாகூரில் இருந்தது. லாகூர் பாகிஸ்தானுக்குப் போயிற்று. அங்கே இருந்த இந்து, சீக்கிய நோயாளிகளை என்ன செய்வது? நிலம், பொன், கோப்பு யாவற்றையும் பிரித்தவர்கள் கடைசியில் நோயாளிகளையும் பிரித்தார்கள். 1950-இல் ஏறத்தாழ 450 பேர் எல்லை கடந்து இந்தியாவுக்கு வந்தார்கள். அவர்களுள் பெரும்பாலோர் அமிருதசரசிலேயே தங்கினர். எஞ்சியோர் ராஞ்சிக்குச் சென்றனர். உருதுச் சிறுகதை மன்னர் சாதத் ஹசன் மண்டோவின் 'தோபா தேக் சிங்' என்னும் கதை இந்தப் பரிமாற்றத்தை வைத்து எழுந்ததே. பலருடைய குடும்பங்கள் கலவரத்தில் சிதறிவிட்டன. தேடி வர வீடே இல்லாத நோயாளிகள் அவர்கள்.

இப்படித் தொடங்கிய அமிருதசரசு மருத்துவமனைக்குத்தான் டாக்டர் வித்யாசாகர் 1950-களில் தலைவராக இருந்தார்.

கூடாரங்கள் எழுந்தன

மருத்துவமனையில் இடமில்லை. வெளியே நோயாளிகளை அழைத்துக்கொண்டு வந்த உறவினர் கூட்டம். ஒரு தலைமை அலுவலர் இதற்கு என்ன செய்வார்? மேலிடத்துக்கு எழுதுவார், புதுக் கட்டடத்துக்குப் பணம் கேட்பார், பணம் வரும்வரை இடமில்லை என்று பலகை தொங்கவிடுவார். அப்படிச் செய்திருந்தால் அவரை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

வித்யாசாகர் மருத்துவமனை வளாகத்திலிருந்த திறந்த வெளியைப் பார்த்தார். அங்கே கூடாரங்களை அடிக்கச் செய்தார். நோயாளியை அழைத்து வந்த உறவினரைத் திரும்பிப் போகச் சொல்லவில்லை. நோயாளியோடு அவர்களும் கூடாரத்திலேயே தங்கலாம் என்றார். தாயோ, மனைவியோ, தம்பியோ, யார் வந்தார்களோ அவர்களே நோயாளிக்கு உணவு ஊட்டினார்கள், குளிப்பாட்டினார்கள், இரவில் பக்கத்தில் படுத்துக்கொண்டார்கள். மருந்தும், மின் அதிர்ச்சி முதலிய அக்காலச் சிகிச்சைகளும் மருத்துவர் கையில் இருந்தன. மற்றப் பணி முழுவதும் குடும்பத்தின் கையில் இருந்தது.

இடநெருக்கடியிலிருந்து பிறந்த ஏற்பாடுதான் இது. ஆயினும் தேவையால் தொடங்கியதன் பயனைக் கண்டறிந்து, அதையே முறையாக வளர்த்தது அவர் பெருமை. நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் உள்ளே கிடந்த காலம் போய், குணமடைந்து வீட்டாரோடு வீடு திரும்புவது வழக்கமாயிற்று. திரும்பி அழைத்துப் போக ஆள் வேண்டுமே என்ற கவலையே எழவில்லை. அழைத்துப் போக வேண்டியவர்தாம் கூடாரத்திலேயே இருந்தாரே!

மாலைக் கூட்டங்கள்

கூடாரம் அடித்தது பாதி வேலை. மறுபாதி, அங்கே கூடியவர்களோடு அவர் பேசியது. மாலை வேளைகளில் நோயாளிகளையும் உறவினர்களையும் ஒன்றாக அமர்த்திப் பேசுவார். மனநோய் என்றால் என்ன, எதனால் வருகிறது, மருந்தை ஏன் நிறுத்தலாகாது, நோயாளி சினந்தால் என் செய்வது, வீடு திரும்பியபின் எந்த வேலையைக் கொடுப்பது என்பன போன்ற பொருள்களை மக்களுக்குத் தெரிந்த மொழியில் எடுத்துரைப்பார். புராணங்களிலும் சமய நூல்களிலும் மக்கள் கேட்டறிந்த கதைகளை எடுத்துக்காட்டாகக் கொள்வார். பஞ்சாபின் சிற்றூர் உழவனுக்குப் பிராய்டின் கொள்கை தெரியாது. ஆனால் மனத்தின் கலக்கத்தையும் தெளிவையும் பற்றிய கதைகள் அவனுக்குப் பாட்டி சொல்லித் தெரியும். தெரிந்ததில் தொடங்கித் தெரியாததற்கு அழைத்துச் சென்றார் அவர். நல்லாசிரியர் செய்வதும் அதுவேயன்றோ?

இதன் பயனை அவர் பின்னாளில் எழுதியும் வைத்தார். உலக நலவாழ்வு நிறுவனத்தின் தென்கிழக்காசிய வட்டார அலுவலகம் 1971-இல் வெளியிட்ட கருத்தரங்க அறிக்கையில் அமிருதசரசு முறை பற்றிய அவர் கட்டுரை உள்ளது. அவர் கண்ட பயன்களை என் சொற்களில் சுருக்கிச் சொல்கிறேன். மனநோய் தீராது என்ற பழைய நம்பிக்கை தகர்ந்தது. ஏனெனில் குணமடைவதை உறவினர் தம் கண்ணாலேயே கண்டார்கள். நோயாளியை எப்படிப் பேணுவது என்று பக்கத்திலிருந்தே கற்றுக்கொண்டார்கள். மனநலத்துடன் வாழும் நெறியையும் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஒருவர் குணமடைந்து திரும்பிய ஊரிலிருந்து, மறைத்து வைத்திருந்த வேறொருவரையும் அழைத்து வர மக்கள் துணிவது இயல்புதானே?

நம்பிக்கை எப்படிப் பிறந்தது?

குடும்பத்துக்கும் மருத்துவருக்கும் இடையே நம்பிக்கை வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அது எப்படிப் பிறக்கிறது என்பதே கேள்வி. சொற்பொழிவால் பிறக்குமா? வெள்ளை அங்கியால் பிறக்குமா? வித்யாசாகரின் வாழ்விலிருந்து எனக்குத் தோன்றும் விடைகள் மூன்று.

முதலாவது, எல்லாம் குடும்பத்தின் கண்ணெதிரே நடந்தது. மதிலுக்கு உள்ளே நடப்பதை அறியாதவன் அடிப்பார்களோ, கட்டுவார்களோ என்று ஐயுறுவான். கூடாரத்தில் மறைப்பு இல்லை. என்ன கொடுக்கிறார்கள், எப்போது உறங்கினான், எப்போது பேசினான் என்பதெல்லாம் தாய்க்குத் தெரியும். பக்கத்துக் கூடாரத்தில் பத்து நாள் முன்னர் வந்தவன் தெளிந்து உட்கார்ந்திருப்பதும் தெரியும். அந்தப் பக்கத்துக் கூடாரத்துக்காரி சொல்லும் ஒரு சொல், மருத்துவர் சொல்லும் நூறு சொல்லுக்குச் சமம்.

இரண்டாவது, குடும்பத்துக்கு அவர் வேலை கொடுத்தார். வேலை கொடுப்பது மதிப்புக் கொடுப்பதாகும். நீ வெளியே நில் என்று சொல்வது, நீயே நோய்க்குக் காரணம் என்று சொல்லாமல் சொல்வதாகும். நீ இல்லாமல் இது நடவாது என்று சொன்னால் குனிந்த தலை நிமிர்கிறது.

மூன்றாவது, மக்களின் மொழியையும் நம்பிக்கையையும் அவர் எள்ளி நகையாடவில்லை. கோயிலுக்குப் போனாயா, மந்திரித்தாயா என்று அதட்டத் தொடங்கும் மருத்துவரிடம் எவரும் உண்மையைச் சொல்லார். உண்மையைச் சொல்லாத இடத்தில் மருத்துவம் இல்லை.

1979-இல் எட்வர்டு போர்டின் என்னும் அமெரிக்க உளவியலறிஞர், சிகிச்சை செய்பவருக்கும் பெறுபவருக்கும் இடையிலான கூட்டுறவுக்கு மூன்று தூண்கள் உண்டு என்று வகுத்தார். எதை நோக்கிப் போகிறோம் என்பதில் உடன்பாடு, யார் எதைச் செய்வது என்பதில் உடன்பாடு, இருவர்க்கும் இடையே பற்று என்பன அவை. இந்த மூன்றும் அமிருதசரசுக் கூடாரங்களில் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே இருந்தன.

மேலை நாட்டில் அதே வேளையில்

1954-இல் அமெரிக்க நாட்டில் பெதசுடா நகரிலிருந்த தேசிய மனநல ஆய்வு நிலையத்தில் மரே போவென் என்னும் மருத்துவர் ஒரு புதுமை செய்தார். மனச்சிதைவு நோயுற்றவர்களோடு அவர்கள் தாய்மாரையும், பின்னர்த் தந்தையர், உடன்பிறந்தார் என முழுக் குடும்பத்தையுமே மருத்துவமனையில் தங்கவைத்து ஆராய்ந்தார். இன்றைய குடும்ப சிகிச்சை முறைகளின் மூலவர்களுள் அவர் ஒருவர். உலகின் இரு மூலைகளில் ஒரே பத்தாண்டில் இருவர் குடும்பத்தை உள்ளே அழைத்தார்கள் என்பது வியப்புக்குரிய செய்தி.

ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. அக்காலத்து மேலை மனநோய் மருத்துவத்தில், மனச்சிதைவு தாயின் குணத்தால் வருகிறது என்ற கொள்கை செல்வாக்குப் பெற்றிருந்தது. எண்ணற்ற தாய்மார் அந்தக் கொள்கையால் நெஞ்சு புண்பட்டார்கள். பின்வந்த ஆராய்ச்சிகள் அக்கொள்கைக்கு ஆதாரம் இல்லை என்று ஒதுக்கிவிட்டன. அங்கே பல இடங்களில் குடும்பத்தை நோயின் தோற்றுவாயாக நோக்கினார்கள். அமிருதசரசில் குடும்பத்தைக் குணத்தின் துணையாக நோக்கினார்கள். அந்த நோக்கு வீண்போகவில்லை. டாக்டர் விக், டாக்டர் லெஃப் முதலியோர் சண்டிகரில் நடத்தி 1987-இல் வெளியிட்ட ஆய்வில், இலண்டன் குடும்பங்களைவிட அங்குள்ள குடும்பங்களில் நோயாளியைக் கடிந்து குற்றங்கூறும் போக்குக் குறைவாகவே இருந்தது என்றும், அது நோய் திரும்பாமைக்குத் துணை செய்கிறது என்றும் கண்டார்கள்.

இதைப் படித்துவிட்டு நம் குடும்பங்கள் யாவும் பொன்னானவை என்று மார்தட்ட வேண்டா. சொத்துக்காகத் தம்பியைப் பித்தனாக்கும் தமையன் உண்டு. மாமியார் எதிரில் வாய் திறக்க இயலாத மருமகள் உண்டு. குடும்பம் சொல்வதை மட்டும் கேட்டால் நோயாளியின் குரல் அமுங்கிப் போகும். நோயாளி சொல்வதை மட்டும் கேட்டால் குடும்பம் விலகிப் போகும். ஆதலால் இன்றைய குடும்ப சிகிச்சையாளர் ஒருவர் பக்கம் சாயாமல், ஒவ்வொருவரையும் தனியேயும் கூட்டாகவும் கேட்கப் பழகுகிறார்கள். ஒருவர் தனிமையில் சொன்னதை மற்றவரிடம் அவர் இசைவின்றிச் சொல்வதில்லை என்று முதல் நாளே உறுதி கூறுகிறார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டமும், தமக்காகப் பேசத்தக்கவர் யார் என்று குறிக்கும் உரிமையை நோயாளிக்கே அளித்துள்ளது. சங்கிலியால் கட்டுவதை அச்சட்டம் தடுக்கிறது.

பிற்காலமும் புகழும்

அமிருதசரசுக்குப் பிறகு வித்யாசாகர் ரோத்தக் மருத்துவக் கல்லூரியில் மனநோய் மருத்துவத் துறையில் பணியாற்றினார். மறைந்து நாற்பதாண்டுகளுக்கு மேலாகின்றன. அவர் தலைமை தாங்கிய அமிருதசரசு மருத்துவமனை இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. தில்லியிலும் ஒரு மனநல மருத்துவ நிலையம் அவர் பெயரால் விளங்குகிறது. தடித்த நூல்கள் பல எழுதிக் குவித்தவரல்லர் அவர். செய்ததைச் சுருக்கமாக எழுதினார்; எழுதியதைவிடப் பன்மடங்கு செய்தார்.

தெற்கிலும் இந்நெறி வேரூன்றியது. 1957-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி பாகாயத்தில் ஒரு மனநல நிலையத்தைத் தொடங்கியது. கனடா நாட்டிலிருந்து வந்த டாக்டர் புளோரன்சு நிக்கல்சு அம்மையார் அதற்கு அடிகோலினார். அங்கே நோயாளியோடு உறவினர் ஒருவரேனும் தங்க வேண்டும் என்பதே முறை. அந்நிலையத்து மருத்துவர் இருவர் 1963-இல் அமெரிக்க மனநோய் மருத்துவ ஏட்டில் இந்தக் குடும்ப முறையைப் பற்றி எழுதினார்கள். கூடாரம் சிறு வீடாயிற்று, நெறி ஒன்றே. பெங்களூர் நிம்ஹான்சு நிலையத்திலும் குடும்பங்களுக்கெனத் தனிப் பிரிவு உண்டு.

எம் எல்லை மலைகளில்

இனி, நான் முன்னர்ச் சொல்லிவைத்த மலைக்கு வருகிறேன். என் முன்னோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கங்காணி பின்னால் மலையேறியவர்கள். இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம் தாலுக்காவில், தேயிலைத் தோட்டத்து லயத்தில் நான் வளர்ந்தேன். 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு இருந்தன. பாலக்காட்டுப் பக்கம் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, அட்டப்பாடி எனத் தமிழ் வழங்கும் ஊர்கள் பல உள்ளன. நம் மன்றத்துத் தோழர்களில் பலர் அங்கிருந்தும் வந்தவர்கள்தாம். ஆதலால் நான் சொல்வது உங்களுக்குப் புதிதாக இராது.

கேரள அரசின் மனநல மருத்துவமனைகள் மூன்று. திருவனந்தபுரத்தில் உள்ளது 1870-இலும், கோழிக்கோட்டில் உள்ளது 1872-இலும், திருச்சூரில் உள்ளது 1889-இலும் தோன்றின. மூன்றும் மலைக்குக் கீழே, தொலைவில். லயத்து வீட்டில் ஒருவர் தனக்குத்தானே பேசத் தொடங்கினால் வீட்டார் முதலில் கோடாங்கியைத் தேடுவார்கள். பிறகு சோற்றானிக்கரைக்கோ, குணசீலத்துக்கோ, ஏர்வாடிக்கோ புறப்படுவார்கள். அதை நான் பழிக்கவில்லை. அங்கே அவர்களை யாரும் கேள்வி கேட்டு நாணச் செய்வதில்லை, தம் மொழியில் அழலாம், குடும்பமாகத் தங்கலாம். மருத்துவமனை கொடுக்கத் தவறியதைக் கோயிலும் தர்காவும் கொடுத்தன. ஆனால் அந்த நம்பிக்கையை முதலாக்கிப் பிழைத்தவர்களும் இருந்தார்கள். 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப் பிடித்தது. சங்கிலியால் பிணித்திருந்ததால் ஓட இயலாமல் 28 பேர் மாண்டார்கள். அவர்களை அங்கே விட்டுச் சென்றவர்களும் பெற்றோரும் உடன்பிறந்தாருமே. அன்பில்லாமல் விட்டார்களா? வேறு வழி அறியாமல் விட்டார்களா? பெரும்பாலோர் அறியாமல்தான் விட்டிருப்பார்கள் என்றே என் நெஞ்சு சொல்கிறது.

இன்று மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவக் குழு மலைப்பகுதி அரசு மருத்துவமனைகளுக்கும் முறை வைத்து வருகிறது. மருந்தும் கிடைக்கிறது. குறை, இடைவெளியில் இருக்கிறது. நோயாளியோடு ஒருவர் போனால் இரண்டு பேருடைய நாள்கூலி போகும். காலையில் பிரட்டுக்களத்துக்குப் போகாதவளை அடுத்த நாள் அக்கம்பக்கத்தார் ஏன் என்று கேட்பார்கள். ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்ட லயத்தில் எதை மறைப்பது? தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கும் வீட்டில் அண்ணனின் நோயை எப்படி வெளியே சொல்வது?

எல்லாவற்றுக்கும் மேலே மொழி. மலையாளத்தில் விஷமம் என்றால் மனவருத்தம். தமிழில் விஷமம் என்றால் குறும்பு. மகனுக்கு விஷமம் உண்டா என்று மருத்துவர் அன்போடு கேட்டால், நம் தாய் பதறிப்போய், அவன் ஒரு விஷமமும் செய்யமாட்டான் ஐயா, தங்கமான பிள்ளை என்பாள். மருத்துவர் வருத்தம் இல்லை என்று எழுதிக்கொள்வார். இருவரும் நல்லவர்களே, இருவர்க்கும் நடுவில் ஒரு சொல் இடறிவிட்டது.

மலையாளம் படித்த பிள்ளைகளே இங்கே மொழிபெயர்ப்பாளர்கள். நானும் அக்கம்பக்கத்தாருக்காக அப்படிச் சென்றதுண்டு. அங்கே கண்ட ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். பத்து, பன்னிரண்டு வயதுப் பெண்ணை நடுவில் நிறுத்தினால், தாய் தன் கணவனின் குடியைப் பற்றியோ, இரவில் வாங்கிய அடியைப் பற்றியோ அவள் வாயால் சொல்லவிட மாட்டாள். அந்தப் பெண்ணும் அம்மாவின் மானத்தைக் காக்கப் பாதியை விழுங்குவாள். மருத்துவர் கேட்பது அரைக் கதை. அரைக் கதைக்கு முழு மருந்து எப்படி அமையும்? ஆதலால் மொழிபெயர்ப்பவர் வீட்டுப் பிள்ளையாக இராமல், வளர்ந்தவராகவும் வெளியாராகவும் கேட்டதை வெளியே சொல்லாதவராகவும் இருத்தல் வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

தோழர்களே! நம்மில் எத்தனை பேர் மனநோய் மருத்துவர் ஆகப்போகிறோம்? ஒருவரோ இருவரோ. ஆயினும் நாம் எல்லாரும் இரு மொழி அறிந்தவர்கள். விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள். அந்த லயத்தையும் அந்த மருத்துவமனை வரிசையையும் அறிந்தவர்கள். வித்யாசாகர் கூடாரம் அடித்த இடத்தில் நாம் ஒரு சொல்லையாவது நட்டுவைக்கலாம்.

மருத்துவக் குழு வரும் நாளை அறிந்து வீட்டாரிடம் சொல்வோம். அஞ்சி நிற்கும் தாயோடு துணைக்குச் செல்வோம். கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் இருபுறமும் மொழிபெயர்ப்போம். மருத்துவர் சொன்னது விளங்கவில்லை என்றால், விளங்கவில்லை என்று பணிவோடு மறுபடியும் கேட்போம். கேட்ட செய்தியை விடுதித் திண்ணையில் கதையாக்க மாட்டோம். போக வழியே இல்லாதவர்க்கு 14416 என்னும் தொலைபேசி எண்ணைக் கொடுப்போம். 2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய இலவச மனநல உதவி எண் அது, தமிழிலும் பேசலாம். மருத்துவம் படிக்கும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளை நீங்கள் நாற்காலியில் அமரும்போது, வாசலில் நிற்கும் உறவினரை முதலில் உட்காரச் சொல்லுங்கள். அவர் எத்தனை மணிக்குப் புறப்பட்டார், எத்தனை நாள் கூலியை இழந்தார் என்று கேளுங்கள். அவரைக் குற்றவாளியாக்கும் கேள்வியைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அது தேவையில்லை என்றே பெரும்பாலும் பின்னால் தெரியவரும்.

சங்கிலியோ மதிலோ தாம் பெற்ற பிள்ளைக்கு வேண்டும் என்று எந்தத் தாயும் விரும்புவதில்லை. அவளுக்கு வேண்டியது உடன் நிற்க ஓர் இடம். பஞ்சாபு வெளியில் அந்த இடத்தைத் துணியாலும் கயிற்றாலும் அமைத்துக் கொடுத்தார் ஒருவர். அவர் பெயரை நம் மலைப்பிள்ளைகளும் அறிந்திருக்கட்டும்.